கோடிட்ட இடமும் குடியாட்சியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றதும் இசையும் நாடகமும் குழந்தைகளின் கோலாட்டமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றிற்கு இடையே, விதித் திருத்தப் படிவம் ஒன்றை இணையத்தில் ஆக்குவது எங்ஙனம், அதனை உறுப்பினர் அனைவர்க்கும் வழங்குவது எங்ஙனம் என்னும் பொருளைப் பற்றிப் பேசுமாறு செயற்குழு நம்மைப் பணித்திருக்கிறது. கேட்ட அளவில் உப்பில்லாப் பண்டம் போலத் தோன்றும் பொருள்தான். ஆயினும் சங்கத்தின் விதிகளைத் திருத்தக் கருதியிருக்கும் இவ்வேளையில் இதனினும் இன்றியமையாத பொருள் பிறிதொன்று இல்லை எனக் கருதியே இப்பணியை ஏற்றோம்.

திருத்த வேண்டிய விதி யாது என்பதை முதலில் நினைவூட்டுவோம். நம் சங்கத்தைத் தோற்றுவித்த பெரியோர்கள் அலுவலின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுத் தில்லிக்கு வந்தவர்கள். அரசாங்கக் குடியிருப்பில் வீடு அலுவலர் பெயரில் ஒதுக்கப்பெற்றது. ஆதலின் வீட்டுக்கு ஒரு சந்தா, சந்தாவுக்கு ஓர் உறுப்பினர், உறுப்பினர்க்கு ஒரு வாக்கு என்று அவர்கள் வகுத்தார்கள். "குடும்பத் தலைவரே உறுப்பினர் ஆவார்" என்பது அவ்விதியின் சொல். சந்தா வாங்கச் செல்வோர் கதவைத் தட்டி, வீட்டுக்கு ஒரு ரசீது கிழித்துக் கொடுத்து வந்த அந்நாளுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

காலம் மாறியது. குடும்பத் தலைவர் மறைந்தால், அவரோடு அவ்வீட்டின் வாக்கும் மறைந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பொங்கல் விழாவிற்கு விடியற்காலையில் எழுந்து வந்து அடுப்பு மூட்டிய அம்மையார், கணவரை இழந்த மறு ஆண்டு பொதுக்குழுவில் பார்வையாளராக அமர்ந்திருக்கக் காண்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிக்கும் மகளிர்க்கு, அவ்வகுப்பிற்கு எத்தனை ரூபாய் ஒதுக்கலாம் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் கை உயர்த்த உரிமை இல்லை. உழைப்பதற்கு வேண்டியவர் வாக்களிப்பதற்கு வேண்டாதவரா என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

மறுப்போர் கூற்றிலும் பொருள் உண்டு. ஆளுக்கொரு வாக்கு என்றால் பெரிய குடும்பங்கள் சிறிய குடும்பங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சுகின்றனர். சந்தாத் தொகை என்னாகும் என்றும் வினவுகின்றனர். இரு சாராரும் சங்கத்தின் நலம் நாடுவோரே. அவர்களுடைய கருத்துகள் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் எழுந்து காலையில் அமிழ்ந்துபோகும் அலைகளாக இருத்தலாகாது; எழுத்தில் நின்று ஆராயத் தக்கனவாதல் வேண்டும். அதற்குத் தக்க கருவியே திருத்தப் படிவம்.

விதியைத் திருத்துதல் நமக்குப் புதிதன்று

எழுதிய விதியைத் தொடலாமா என்று தயங்குவோர் உத்தரமேரூரை நினைத்தல் வேண்டும். முதற் பராந்தக சோழனது ஆட்சியில், 919ஆம் ஆண்டு, அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 921ஆம் ஆண்டு, அவ்விதிகளைத் திருத்தி விரிவாக மற்றொரு கல்வெட்டை அமைத்தார்கள். முன்னதில் 30 முதல் 60 வரை என்றிருந்த அகவை வரம்பு பின்னதில் 35 முதல் 70 வரை என்றாயிற்று. சொந்த நிலமும் மனையும் கல்வியும் உடையாரையே அவ்விதிகள் ஏற்றன. எல்லார்க்கும் உரிய குடியாட்சி அன்று அது. ஆயினும் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று அங்கு உளது. புதியதைப் பொறித்தபோது பழையதைக் கொத்தி அழித்துவிடவில்லை. இரண்டும் நின்றமையால்தான் எது எவ்வாறு மாறிற்று என்பதை ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒப்பிட்டுக் கூற இயல்கிறது. நல்ல திருத்தப் படிவத்தின் முதல் இலக்கணம் இதுவே: பழைய பாடமும் புதிய பாடமும் அருகருகே நிற்றல் வேண்டும்.

நம் நாட்டு அரசியலமைப்பும் இம்முறையையே பின்பற்றுகிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அது 1951இலேயே முதல் திருத்தத்தைப் பெற்றது. 2023இல் நிறைவேறியது 106ஆம் திருத்தம். திருத்தச் சட்டங்களின் நடையைப் பார்த்தால் மூன்றே செயல்களைக் காணலாம்: சில சொற்களை நீக்குதல், சில சொற்களைச் சேர்த்தல், சில சொற்களுக்கு மாற்றாக வேறு சொற்களை வைத்தல். 1988ஆம் ஆண்டின் 61ஆம் திருத்தச் சட்டம் 326ஆம் உறுப்பில் "இருபத்தொரு" என்னும் அகவையை எடுத்துவிட்டுப் "பதினெட்டு" என்னும் அகவையை வைத்தது. மாறியது எண் ஒன்றே. அதனால் 1989 முதல் நாட்டின் இளைஞர் பெருங்கூட்டத்திற்கு வாக்குரிமை கிட்டிற்று.

புதிய விதி ஒன்றைச் சேர்க்கும்போது பின்வரும் எண்களையெல்லாம் மாற்றுவதும் இல்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தச் சட்டம் கல்வி உரிமையைச் சேர்த்தபோது அதற்கு 21அ என்று எண் இட்டார்கள். 22ஆம் உறுப்பு 22ஆகவே நின்றது. இல்லையேல் 22ஐச் சுட்டும் பழைய தீர்ப்புகளும் ஆணைகளும் தடுமாறிப் போகுமன்றோ? நாமும் ஐந்தாம் விதிக்குப் பின் ஒரு விதியைச் சேர்ப்பதாயின் அதனை 5அ என்றே குறித்தல் நன்று.

சட்டம் விதிக்கும் வழி

தில்லியில் பதிவான சங்கங்களை ஆள்வது 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம். சங்கத்தின் நோக்கத்தை மாற்றவோ விரிக்கவோ சுருக்கவோ விரும்பினால் செய்ய வேண்டுவன யாவை என்பதை அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. கருத்துருவை எழுத்தில் அல்லது அச்சில் அமைத்து, சிறப்புக் கூட்டத்திற்குப் பத்து நாள் முன்னதாக ஒவ்வோர் உறுப்பினர்க்கும் நேரில் சேர்ப்பித்தோ அஞ்சலில் விடுத்தோ இருத்தல் வேண்டும். உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்கினர் நேரிலோ பதிலாள் வழியாகவோ வாக்களித்து ஏற்றல் வேண்டும். ஒரு திங்கள் இடைவெளிக்குப் பின் கூட்டப்பெறும் இரண்டாம் சிறப்புக் கூட்டத்திற்கு வந்திருப்போரில் ஐந்தில் மூன்று பங்கினர் அதனை உறுதி செய்தல் வேண்டும். உள்விதிகளின் திருத்தத்திற்குச் சங்கத்தின் விதிநூலில் எழுதியுள்ள முறையே வழிகாட்டும். சங்கங்கள் பல இந்த ஐந்தில் மூன்று பங்கு முறையையே அதற்கும் வைத்துக்கொள்வது உண்டு.

கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு சங்கத்தில் 200 உறுப்பினர் இருப்பதாகக் கொள்வோம். முதற் கூட்டத்தில் வேண்டுவன 120 வாக்குகள். வந்தவர் 90 பேரே என்றால், பதிலாள் வாக்கும் வாராதபோது, அந்த 90 பேரும் ஒருமித்து ஆம் என்றாலும் திருத்தம் நிறைவேறாது. ஈண்டு வாளா இருப்பவரும் மறுத்தவராகவே முடிகிறார். இரண்டாம் கூட்டத்தில் 100 பேர் வந்தால் 60 வாக்குகள் போதும். இன்னொன்றும் உண்டு. மூன்று திங்களுக்கு மேல் சந்தா நிலுவை வைத்திருப்பவரை வாக்களிக்கவோ உறுப்பினராக எண்ணவோ ஆகாது என்று 15ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே உறுப்பினர் பட்டியலையும் நிலுவைக் கணக்கையும் சரிபார்த்தல் படிவம் ஆக்குவதற்கும் முற்பட்ட வேலை.

ஒவ்வோர் உறுப்பினரையும் சென்றடைதல் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். கரோல் பாக்கில் இருந்தவர் மயூர் விகாருக்குச் சென்றுவிட்டார், ஆர். கே. புரத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றுக் குருகிராமில் மகன் வீட்டில் வாழ்கிறார். இவர்களுக்குச் செய்தி எட்டவும் இவர்கள் கருத்து நமக்கு எட்டவும் இணையம் பெருந்துணை புரியும். ஆனால் சட்டம் கூறும் அஞ்சலுக்கு ஈடாக இணைப்பு ஒன்றை மட்டும் விடுத்து நின்றுவிடல் ஆகாது. அச்சுப் படியும் அஞ்சலில் செல்லுதல் வேண்டும். படிவத்தில் நிரப்பும் கருத்தும் கூட்டத்தில் அளிக்கும் வாக்கும் ஒன்றல்ல என்பதையும் படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுதல் வேண்டும்.

மூன்று வேலை, மூன்று கருவி

கோப்பு ஒன்றைத் தட்டச்சுச் செய்து எல்லார்க்கும் அனுப்பினால் நிகழ்வது நாம் அறிந்ததே. ஒருவர் தம் படியில் திருத்துவார். மற்றொருவர் அதற்கு முந்திய படியில் திருத்துவார். "இறுதி", "இறுதி இரண்டு", "உண்மையான இறுதி" என்று பெயர் தாங்கிய கோப்புகள் பெருகும். எது மூலம் என்று ஒருவரும் அறியார். இணையவழி ஆவணத் தொகுப்பான் இத்துன்பத்தை நீக்குகிறது. ஆவணம் ஓரிடத்தில் இருக்கும்; அனைவரும் அவ்வொன்றையே காண்பர்.

இதில் வேலை மூவகைப்படும். முதலாவது, செயற்குழுவினர் சிலர் கூடித் திருத்தத்தின் சொற்களை வரைதல். இதற்குக் கூகிள் டாக்ஸ் போன்ற தொகுப்பானின் பரிந்துரை முறை ஏற்றது. எழுதுவோர் நீக்கிய சொல் கோடிட்டும் சேர்த்த சொல் வண்ணமிட்டும் பெயருடன் தோன்றும். பொறுப்பாளர் ஏற்கும் வரையில் மூலம் மாறாது. முன்னைய நிலைகளைக் காட்டும் பதிப்பு வரலாறும் அதில் உண்டு. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வைத்த உ. வே. சாமிநாதையர் பெரும் உழைப்பால் செய்த வேலையின் சிறு சாயலை இங்கே இயந்திரம் தானே செய்கிறது.

இரண்டாவது, வரைந்த திருத்தத்தை நிரப்பும் படிவமாக அமைத்தல். ஒன்லிஆஃபிஸ் போன்ற தொகுப்பான்களில், மாறாத பாடத்திற்கு நடுவே நிரப்புவதற்குரிய கட்டங்களை மட்டும் திறந்து வைத்துப் படிவமாகச் சேமிக்கலாம். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் இத்தகைய கட்டங்களை அமைத்து மற்றைப் பகுதியைப் பூட்டிவிடலாம். மூன்றாவது, விடைகளை மட்டும் தொகுத்தல். இதற்குக் கூகிள் படிவம் எளிது. விடைகள் அட்டவணையில் வரிசையாக வந்து சேரும். ஆனால் விதியின் பழைய பாடமும் புதிய பாடமும் ஒரே தாளில் அருகருகே நிற்கும் அமைப்பு அதில் எளிதில் கைகூடாது. ஆகவே கையொப்பமிட்டுக் கோப்பில் வைக்கத்தக்க திருத்தத் தாளுக்கு இரண்டாம் முறையையே பரிந்துரைக்கிறோம்.

தாளில் இருக்க வேண்டுவன

திருத்தத் தாளின் பகுதிகளை வரிசையாகக் கூறுவோம்.

ஒன்று, சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும், திருத்தக் கருத்துருவின் எண்ணும் நாளும்.

இரண்டு, இப்போதுள்ள விதி. ஓர் எழுத்தும் குறையாமல் முழுமையாக.

மூன்று, திருத்தத்தின் சொற்கள். "விதி 5இல், 'குடும்பத் தலைவரே' என்னும் சொற்களுக்கு மாற்றாக, 'பதினெட்டு அகவை நிறைந்து சந்தா செலுத்தும் எவரும்' என்னும் சொற்கள் அமையும்" என்பது போல் எழுதுதல் வேண்டும்.

நான்கு, திருத்தியபின் விதி படிக்கப்படும் முறை, இதுவும் முழுமையாக.

ஐந்து, திருத்தத்திற்குரிய காரணம், சில வரிகளில்.

ஆறு, நடைமுறைக்கு வரும் நாள்.

ஏழு, முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயர்கள்.

எட்டு, உறுப்பினரின் பெயர், உறுப்பினர் எண், கருத்து, நாள், கையொப்பம்.

இவற்றுள் ஒன்று முதல் ஏழு வரையிலுள்ளவை பூட்டிய பாடம். எட்டாவது மட்டுமே திறந்த கட்டங்கள். ஒருவர் படிவத்தை நிரப்பும்போது விதியின் சொல்லையே அறியாமல் மாற்றிவிட்டால், அவர் எதற்கு உடன்பட்டார் என்பதே ஐயத்திற்கு இடமாகிவிடும்.

மூன்றாம் பகுதியை எழுதுமுன் ஓர் எச்சரிக்கை. "குடும்பத் தலைவர்" என்னும் சொல் ஐந்தாம் விதியில் மட்டும் இருக்கும் என்று எண்ணற்க. சந்தா விதியிலும் தேர்தல் விதியிலும் அது மறைந்திருக்கக் கூடும். ஓரிடத்தில் மாற்றி ஓரிடத்தில் விட்டால் விதிநூல் தன்னோடு தானே முரண்படும். தொகுப்பானின் தேடும் வசதி இதற்கு உதவும். ஆனால் தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது ஈற்றெழுத்து மாறுவதை நினைவில் வைத்தல் வேண்டும். "தலைவர்" என்று புள்ளியோடு தேடினால் "தலைவரின்", "தலைவருக்கு" என்பன அகப்படா. "தலைவ" என்னும் அடியைத் தேடினால் யாவும் அகப்படும்.

கட்டங்களின் இயல்பு

திறந்த கட்டங்கள் பலவகை. சொற்களை எழுதுவதற்கான எழுத்துக் கட்டம். பலவற்றுள் ஒன்றையே தெரிந்தெடுக்கும் வட்டக் குறி. வேண்டுவனவற்றையெல்லாம் குறிக்கும் சதுரக் குறி. சொடுக்கினால் விரியும் பட்டியல். நாட்காட்டியிலிருந்து நாளைத் தெரியும் கட்டம். கையொப்பத்தின் படத்தை வைக்கும் கட்டம் என்பன சில. விடுபடலாகாத கட்டத்திற்கு "கட்டாயம்" என்னும் குறியை இடலாம். கட்டத்திற்குள் மங்கலாகத் தோன்றும் குறிப்புச் சொல்லை அமைத்தால் முதியோர்க்கும் ஐயம் எழாது. ஒரே பெயர் தாளில் ஈரிடத்தில் வரவேண்டுமாயின், ஒன்லிஆஃபிஸில் இரு கட்டங்களுக்கும் ஒரே திறவுச்சொல்லை அளித்தால் ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்திலும் தானே நிரம்பும்.

கருத்தைக் கேட்கும் கட்டம் வட்டக் குறியாக இருத்தல் வேண்டும். ஏற்றலும் மறுத்தலும் ஒருசேர இயலாவன்றோ? "ஏற்கிறேன்", "மாற்றத்துடன் ஏற்கிறேன்", "மறுக்கிறேன்" என மூன்று வழிகள் வைத்தல் நன்று. இவற்றுள் எதுவும் முன்னரே குறியிடப்பெற்று நிற்றலாகாது. "ஏற்கிறேன்" என்பதில் முன்கூட்டியே குறி இட்டு அனுப்பும் படிவம், வாயில் ஊட்டிவிட்டு உண்டாயா என்று கேட்பதை ஒக்கும். "மாற்றத்துடன்" என்பவர்க்கு அம்மாற்றத்தை எழுத அகன்ற கட்டம் வேண்டும். பெரிய குடும்பங்கள் ஓங்கிவிடும் என்று அஞ்சுவோர் அதில், "ஆயினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவருள் ஒருவர்க்கு மேல் ஒரே காலத்தில் செயற்குழுவில் இருத்தலாகாது" என்று ஓர் உட்திருத்தம் எழுதலாம். கூச்சலாக இருந்த மறுப்பு அவ்வரியில் கருத்துருவாக மாறுகிறது. வாக்கும் கிடைக்கும், சமநிலையும் கெடாது என்றொரு வழி இவ்வாறே பிறக்கும்.

பெயர்க் கட்டத்தில் தமிழர்க்கே உரிய இரு இடர்கள் உண்டு. வடநாட்டுப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்கின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கி நிற்கும் நாம் அங்கே எதை எழுதுவது என்று திகைக்கிறோம். ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றொரு தாளில் வேறுவிதமாகவும் எழுதி அல்லலுறுகிறோம். நம் படிவத்திலாவது முன்னெழுத்துக்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம் என அமைப்போம்.

மற்றொன்று எழுத்து வரம்பு. கட்டத்தில் இத்தனை எழுத்துக்கு மேல் ஏலாது என்று வரம்பிடும் வசதி உண்டு. கிருஷ்ணமூர்த்தி என்னும் பெயர் நம் கணக்கில் எட்டு எழுத்து. ஒருங்குறியிலோ மெய்க்கு ஒரு குறியீடு, உயிர்மெய்க்குறிக்கு ஒரு குறியீடு, புள்ளிக்கு ஒரு குறியீடு எனக் கூடி 15 ஆகிவிடும். குறியீடுகளை எண்ணும் மென்பொருளில் பன்னிரண்டு என வரம்பிட்டால் அப்பெரியவரின் பெயர் நடுவே அறுந்துபோகும். ஆகவே பெயர்க் கட்டத்திற்கு வரம்பு வைக்காமல் விடுதலே நலம்.

பழைய விதிநூல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகி இருந்தால், அதனை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே படிவத்தில் இடுதல் வேண்டும். இல்லையேல் பிறர் கைப்பேசியில் விதிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். தலைநகரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் தமிழ் பேசியும் படிக்க இயலாதார் பலர். அவர்கள் பொருட்டு ஆங்கிலப் பாடமும் அருகில் இருக்கட்டும். இரண்டும் வேறுபட்டால் எது செல்லும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுவோம்.

பகிரும் நெறி

படிவம் ஆயிற்று. இனி வழங்குவது எங்ஙனம்? தொகுப்பான்கள் உரிமையைப் பல படியாக வைத்துள்ளன: பார்த்தல், கருத்துரைத்தல், நிரப்புதல், திருத்துதல். உறுப்பினர்க்கு வேண்டுவது நிரப்பும் உரிமையே. திருத்தும் உரிமையை அனைவர்க்கும் அளித்தல், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வந்தவரிடம் பேழையின் திறவுகோலையும் சேர்த்துக் கொடுப்பது போலாகும். வரைவுப் படியைத் திருத்தும் உரிமை இருவர் மூவரிடம் மட்டும் இருக்கட்டும்.

நிரப்பிய படிவம் ஒவ்வொன்றும் தனிப்படியாக வந்து சேருமாறு அமைத்தல் வேண்டும். ஒரே படியில் ஒருவர் பின் ஒருவராக எழுதினால், முன்னவர் கருத்தைப் பின்னவர் கண்டு அதன்வழிச் சாயவும், அறியாமல் அழிக்கவும் கூடும். அனுப்பியவர்க்கு ஒரு படி திரும்பக் கிடைக்கச் செய்தால் தாம் எழுதியது யாது என்பதில் அவர்க்கு ஐயம் இராது. ஊர் முழுதும் அனுப்பும் முன் மூவரிடம் சோதித்துப் பார்த்தல் நன்று: கைப்பேசி மட்டும் உடைய ஒருவர், கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர், தமிழ்த் தட்டச்சு அறியாத இளைஞர் ஒருவர். இம்மூவரும் தடையின்றி நிரப்பினால் மற்றையோரும் நிரப்புவர்.

வேண்டாதவற்றைக் கேளாதிருத்தலும் நெறியே. உறுப்பினர் எண் இருக்க ஆதார் எண் எதற்கு? பிறந்த நாள் எதற்கு? தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகக் கூறி, அதற்கு வேண்டிய அளவே கேட்டல் அதன் அடிப்படை. அண்டை வீட்டாரின் நம்பிக்கையால் வாழும் சங்கத்திற்குச் சட்டம் இல்லாவிடினும் அதுவே அறம்.

கையொப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கையெழுத்தைப் படம் பிடித்துக் கட்டத்தில் ஒட்டுவது வேறு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கும் மின்கையொப்பம் வேறு. கருத்தறியும் நம் தாளுக்கு முன்னது போதும். வாக்கு கூட்டத்தில் அளிக்கப்பெறுவதால் இடர் இல்லை. விருப்ப ஆவணமாகிய உயில் போன்றவற்றை அச்சட்டம் தன் எல்லைக்குப் புறத்தே வைத்துள்ளது என்பதையும் அறிந்திருத்தல் நலம். எதற்கும் படிவம் போதும் என்று எண்ணிவிடலாகாது.

எல்லாவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. கைப்பேசியைக் கையாளத் தெரியாத பாட்டியாரின் படிவத்தைப் பேரன் நிரப்புவான். கை பேரனுடையது; கருத்து பாட்டியாருடையதாக இருத்தல் வேண்டும். "அதெல்லாம் நான் போட்டுவிட்டேன் பாட்டி" என்று அவன் கூறிவிட்டால், குடும்பத் தலைவர் ஒருவரே எல்லார்க்குமாகப் பேசிய பழைய நிலைக்கே புதிய வாயில் வழியாக நுழைந்தவர் ஆவோம். ஆகவே இளைஞர்களை வேண்டுகிறோம்: பழைய விதியையும் புதிய விதியையும் அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள், அவர்கள் கேட்கும் வினாவிற்கு விடை கூறுங்கள், அவர்கள் வாயால் கூறியதையே எழுதுங்கள். பிறர் துணையால் நிரப்பியது எனக் குறிக்கவும் தாளில் ஒரு சதுரக் கட்டம் வைப்போம். இணையம் வேண்டாதார்க்கு அச்சுத் தாளும் பேனாவும் சங்க அறையில் என்றும் காத்திருக்கும். இரண்டும் ஒரே மதிப்புடையன.

குறித்த நாள் கடந்ததும் படிவத்தை மூடி, வந்த கருத்துகளைத் தொகுத்து, இறுதிப் பாடத்தைப் பிடிஎஃப் வடிவில் நிலைப்படுத்தி, அச்சிட்டு அஞ்சலில் விடுத்து, பத்து நாள் கழித்துக் கூடுவோம். ஒரு திங்கள் சென்றபின் மீண்டும் கூடுவோம். பழைய விதிநூலைக் களைந்து எறியாது புதியதன் பக்கத்திலேயே வைப்போம்.

அன்பர்களே! ஒரு வீட்டுக்கு ஒரு ரசீது கிழித்த கைகள் இச்சங்கத்தைக் கட்டி வளர்த்தன. அக்கைகளுக்கு நாம் என்றும் நன்றியுடையோம். அவர்கள் அமைத்த இல்லத்தில் இன்று உழைக்கும் ஒவ்வொருவர்க்கும் ஒரு குரல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஏற்போர் ஏற்கட்டும், மறுப்போர் மறுக்கட்டும், மாற்றம் வேண்டுவோர் மாற்றத்தை எழுதட்டும். கோடிட்ட இடத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள் என்பது ஒன்றே நாம் கேட்டுக்கொள்வது. ஏனெனில் வாளா இருப்போரை எண்ணுதற்கு நம் சட்டத்தில் வேறு வழியில்லை என்பதை மேலே கண்டோம். உங்கள் வீட்டு அம்மையாரிடமும் மகளிடமும் இன்றிரவே இதனைப் பற்றிப் பேசுங்கள். அவர்கள் கருத்தையும் கேளுங்கள். இன்று வாக்கில்லாத அவர்கள் இயற்றும் வரிகளும் உங்கள் தாளில் இடம்பெறட்டும்.